நடந்ததைத் தின்னலாமா?

மக்களே, இன்னிக்கு ஒரு சின்னக் கேள்வி. காலைல எழுந்து முக்கால் மணி நேரம் நடந்தாச்சு. கையில கட்டியிருக்கற வாட்ச் "170 கலோரி எரிச்சிட்டீங்க, சபாஷ்"ங்குது. எடை குறைக்கணும்னு, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் சாப்பாடுன்னு ஏற்கெனவே ஒரு கணக்கு வச்சிருக்கீங்க. இப்போ அந்தக் கணக்குல இந்த 170-ஐக் கூட்டிக்கிட்டு அந்த அளவுக்கு அதிகமா சாப்பிடலாமா, கூடாதா?

கேக்கறதுக்கு மொக்கைக் கேள்வி மாதிரிதான் இருக்கு. ஆனா லஸ் நாகேஸ்வர ராவ் பார்க், தி.நகர் நடேசன் பார்க், பெசன்ட் நகர் பீச்னு காலைல ஆறரை மணிக்கு ஒரு ரவுண்டு போய்ப் பாருங்க. ஊரே நடக்குது. ஏழரை மணிக்கு அதே ஊர் பக்கத்து ஓட்டல்ல உட்கார்ந்திருக்கு. வாசல்ல அருகம்புல் ஜூஸ், உள்ள பொங்கல் வடை. "அதான் நடந்துட்டோமே"ங்கறதுதான் எல்லார் வாயிலயும். அது சரியா தப்பாங்கறதுதான் இந்தப் பதிவு.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன், பொறுமை இல்லாதவங்க இதோட எஸ்கேப் ஆகிக்கலாம். பார்க் நடைக்கு: கூட்டிக்கக் கூடாது. கடுமையா ஓடறவங்களுக்கு: சாப்பிட்டே ஆகணும். ரெண்டு பேரும் வாட்ச் சொல்ற நம்பரை அப்படியே நம்பக் கூடாது.

எனக்கு இது வெறும் வாய்ப்பேச்சு இல்ல. எங்க குடும்பத்துலயே ரெண்டு கேஸ் இருக்கு. ஒண்ணு எங்கப்பா. பேங்க்ல ரிடையர் ஆனவர், மயிலாப்பூர்வாசி, பத்து வருஷமா சுகர். ஒருநாள் விடாம நடப்பார். எடை இறங்கல, மூணு மாச சராசரியைச் சொல்ற அந்த ரத்தப் பரிசோதனையும் எட்டுக்குக் கீழ வர மாட்டேங்குது. இன்னொண்ணு என் சித்தி பொண்ணு, அடையாறு காந்தி நகர். அவ கதை நேர் எதிர். அதை அப்புறம் சொல்றேன்.

(இந்தப் பதிவுல கலோரின்னு எழுதறது எல்லாமே கிலோ கலோரிதான். ஊர்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, நானும் அப்படியே.)

*

முதல்ல வாட்ச் கணக்கு

நடக்கறதுக்கு எவ்வளவு கலோரிங்கறதை எப்படிப் போடறாங்க? 'மெட்'னு ஒரு அளவு இருக்கு. சும்மா உட்கார்ந்திருந்தா 1 மெட். தோராயமா ஒரு கிலோ எடைக்கு, ஒரு மணி நேரத்துக்கு 1 கலோரி. சமதரைல மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்துல நடந்தா 3.5 மெட் பக்கம் வரும். நம்ம ஆளு 65 கிலோன்னு வச்சுக்குவோம். முக்கால் மணி நேரத்துக்கு 3.5 × 65 × 0.75 = 170. வாட்ச் சொன்ன அதே 170.

இங்கதான் முதல் ஓட்டை. அந்த முக்கால் மணி நேரம் அவர் நடக்காம வீட்டுல பேப்பர் படிச்சிட்டு உட்கார்ந்திருந்தாலும் 1 மெட் செலவாகியிருக்கும். அந்தச் செலவு, நாளைக்கு இவ்வளவுன்னு போட்ட சாப்பாட்டுக் கணக்குல ஏற்கெனவே இருக்கு. அதைக் கழிச்சா நடையால கூடுதலா ஆனது 2.5 × 65 × 0.75 = 122. சம்பளத்துல கிராஸ் வேற, கைக்கு வர்றது வேறன்னு நமக்குத் தெரியும். கலோரில மட்டும் கிராஸைப் பார்த்துட்டுச் செலவு பண்ணக் கிளம்பிடறோம். சில வாட்ச்ல 'ஆக்டிவ்', 'டோட்டல்'னு ரெண்டு நம்பர் காட்டும். பெருசா இருக்கறதுதான் நம்ம கண்ணுல படும், மனுஷ சுபாவம் :-)

இதுவும் வாட்ச் சரியா அளந்தாத்தான். 2017-ல ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல மணிக்கட்டுல கட்டற ஏழு கருவிகளை 60 பேருக்குக் கட்டிப் பார்த்தாங்க. இதயத் துடிப்பை ஏழுல ஆறு ஒழுங்கா அளந்துது. கலோரில எதுவுமே தேறல. அதுல நல்லது சராசரியா 27 சதவீதம் தப்பு, மோசமானது 93 சதவீதம் தப்பு. அதுக்கப்புறம் கருவிகள் மாறியிருக்கு, முன்னேறியும் இருக்கலாம். ஆனா துடிப்பை அளக்கறதும், அதை வச்சு செலவை யூகிக்கறதும் வேற வேற வேலைங்கறது மாறல. அங்க தெரியறது அளந்த நம்பர் இல்ல, யூகிச்ச நம்பர். நாலு இலக்கத்துல டிஜிட்டலா மின்னுதுங்கறதால நமக்கு அது வேதவாக்காத் தெரியுது.

*

ஒரே பில், ரெண்டு க்ளெய்ம்

ரெண்டாவது ஓட்டை இன்னும் பெருசு. எந்தக் கலோரி ஆப்ல சேர்ந்தாலும் முதல்ல ஒரு கேள்வி கேக்கும்: நீங்க உட்கார்ந்த வேலையா, மிதமான உழைப்பா, கடின உழைப்பா? நம்ம ஆளுங்க தினமும் நடக்கறோமேன்னு பெருமையா 'மிதமான' பட்டனை அமுக்குவாங்க.

ஐ.சி.எம்.ஆரும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல வெளியிட்ட கணக்கைப் பாருங்க. 65 கிலோ ஆணுக்கு உட்கார்ந்த வேலைன்னா 2,110 கலோரி. மிதமான உழைப்புன்னா 2,710. கடின உழைப்புன்னா 3,470. முதலுக்கும் ரெண்டாவதுக்கும் வித்தியாசம் 600. அந்த 'மிதமான' ஆள் யாருன்னா, நாள்ல பெரும்பகுதி உடம்பை வளைச்சு வேலை செய்யறவர். கம்ப்யூட்டர் முன்னாடி ஒன்பது மணி நேரம் உட்கார்ந்து, காலைல மட்டும் முக்கால் மணி நேரம் பார்க்கைச் சுத்தற ஆள் இல்ல.

ஆக 122 கலோரி நடைக்கு அந்தப் பட்டன் 600 கொடுத்துடுச்சு. அதுக்கு மேல வாட்சை ஆப்போட இணைச்சா, அது தன் பங்குக்கு இன்னொரு 170-ஐ சாப்பாட்டுக் கணக்குல ஏத்துது. ஒரே டாக்ஸி பில்லை ட்ராவல் க்ளெய்ம்லயும் போட்டு, ப்ராஜெக்ட் செலவுலயும் போட்டா அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்ட்ல கூப்பிட்டு விசாரிப்பாங்க. இங்க விசாரிக்க யாரும் இல்ல. ஆறு மாசம் கழிச்சு பேன்ட் பட்டன்தான் சொல்லும்.

*

உடம்பும் கணக்குப் பார்க்கும்

சரி, 122-ஆவது நமக்கா? அதுலயும் ஒரு பிடித்தம் இருக்கு.

2021-ல 'கரன்ட் பயாலஜி'ங்கற இதழ்ல ஒரு ஆய்வு வந்துது. 1,750-க்கும் மேற்பட்ட பெரியவங்களோட ஒரு நாள் மொத்தச் செலவை, ஐசோடோப் கலந்த தண்ணியைக் குடிக்கக் கொடுத்து அளந்த தரவு. இப்போதைக்கு இருக்கற முறைகள்ல நம்பகமானது அதுதான். அதுல தெரிஞ்சது: உடல் அசைவால ஆகற கூடுதல் செலவுல சராசரியா 28 சதவீதத்தை உடம்பு வேற எங்கேயோ மிச்சம் பிடிச்சிடுது. அடிப்படைச் செலவைக் குறைச்சு ஈடு கட்டிக்குது. உடம்புல கொழுப்பு அதிகமா இருக்கறவங்ககிட்ட இந்தப் பிடித்தம் இன்னும் அதிகம். அதாவது யாருக்கு எடை குறையணுமோ அவங்ககிட்டதான் அதிகமா டி.டி.எஸ். பிடிக்குது. அநியாயம்தான், ஆனா அப்படித்தான் இருக்கு.

இது நீண்ட கால சராசரி, ஒவ்வொருத்தருக்கும் மாறும். சும்மா ஒரு அளவுக்குப் போட்டுப் பார்ப்போம். 122-ல 28 சதவீதம் போனா மிச்சம் 88.

எண்பத்தெட்டு! ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட ஒரு டபரா ஃபில்டர் காப்பி சுமாரா நூறு. முக்கால் மணி நேர வேர்வை ஒரு காப்பிக்குக் காணல.

இப்போ பொங்கலுக்கு வருவோம். வீட்டுலயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பிளேட்டுக்கு அரிசியும் பருப்பும் சேர்த்து 70 கிராம்னா கிட்டத்தட்ட 245. நெய் 25 கிராம்னா, கிராமுக்கு 9 வீதம் 225. அங்கேயே 470 ஆச்சு. முந்திரி, வடை, சட்னி, காப்பி எல்லாம் தனி. கடைக்காரர் கரண்டி கொஞ்சம் தாராளமா சாஞ்சா, நடையோட மொத்த வருமானமும் அந்த ஒரு கரண்டி நெய்யில போயிடும். பத்தும் அதுக்கு மேலயும் கிளை வச்சிருக்கற ஓட்டல்கள் மெனுவுல கலோரி போடணும்னு 2022-லேர்ந்து விதி இருக்கு. மாட வீதி மெஸ்ஸுக்கு அது பொருந்தாது. பொருந்தினாலும் வாழை இலைல ஆவி பறக்கற பொங்கல் முன்னாடி யாரு சார் அட்டவணை படிக்கறா?

நம்ம பக்கத்துலயும் தப்பு இருக்கு. 1992-ல 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்'ல வந்த ஒரு பிரபலமான ஆய்வு. "குறைச்சுதான் சாப்பிடறேன், எடை குறைய மாட்டேங்குது"ன்னு சொன்னவங்களை அளந்து பார்த்தா, சாப்பிட்டதை 47 சதவீதம் குறைச்சுச் சொல்லியிருக்காங்க, உழைச்சதை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருக்காங்க. பொய் சொல்லணும்னு சொல்லல. நாக்கு மறந்துடும், கால் மறக்காது, அவ்வளவுதான்.

ஆக, வரவை ஏத்திக் காட்டற வாட்ச், செலவை இறக்கிக் காட்டற நாக்கு. ரெண்டையும் வச்சு "எரிச்சதைத் திரும்பச் சாப்பிடறேன்"னு கிளம்பினா என்ன ஆகும்? 170 சாப்பிடறோம், நிஜமா எரிஞ்சது 88. நடந்த நாள்ல 82 கூடுதலா உள்ள போகுது. எடைங்கற ஒரே விஷயத்தைப் பார்த்தா, அன்னிக்கு நடக்காம தூங்கியிருந்தாலே தேவலை!

*

சணல் ஆலை சொல்ற சேதி

"அப்போ வேலை செஞ்சா பசிக்காதா? உழைக்கறவன் சாப்பிடத்தானே செய்வான்?"னு கேப்பீங்க. நல்ல கேள்வி. இதுக்குப் பதில் நம்ம நாட்டுலயே கிடைச்சிருக்கு.

ஹார்வர்டுல இருந்த ழான் மேயர், கூட ராய், மித்ரான்னு ரெண்டு பேர். 1956-ல இவங்க ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. மேற்கு வங்காளத்துல லட்லோ சணல் ஆலை. அங்க 213 பேரை எடுத்துக்கிட்டாங்க. ஒரு பக்கம் நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கற கடைக்காரர்கள், குமாஸ்தாக்கள். இன்னொரு பக்கம் கரி அள்ளறவங்க, சணல் மூட்டை சுமக்கறவங்க. யார் எவ்வளவு சாப்பிடறாங்க, எடை என்னன்னு பார்த்தாங்க.

லேசான வேலைலேர்ந்து கடுமையான வேலை வரைக்கும் ஒழுங்கா இருந்துது. வேலை ஏற ஏற சாப்பாடும் ஏறுது, எடை அப்படியே நிக்குது. உடம்பு தானாவே எரிச்சதைக் கேட்டு வாங்கிக்குது, ஆப் எதுவும் வேண்டியிருக்கல. ஆனா உட்கார்ந்தே இருக்கறவங்க பக்கம் வந்தா இந்த ஒழுங்கு உடைஞ்சுடுது. அவங்க வேலை குறைவு, சாப்பாடு குறையல. லேசான வேலை செய்யறவங்களைவிட அதிகமாவே சாப்பிட்டாங்க, எடையும் அவங்களுக்குத்தான் அதிகம்.

ஒரே ஒரு ஆலை, அந்தக் காலத்து அளவு முறை. கல்வெட்டா எடுத்துக்க வேண்டாம். ஆனா எனக்கு இதுல ஒரு விஷயம் பளிச்சுன்னு தெரியுது. மூட்டை தூக்கறவருக்கு சாப்பாட்டைக் கேக்கறது அவர் பசி. அது நியாயமான கேள்வி, பதில் சொல்லியே ஆகணும். பார்க்ல முக்கால் மணி நேரம் நடக்கறவருக்கு அந்த 88 கலோரிக்காகத் தனியா ஒரு பசி வர்றதில்ல. அங்க கேக்கறது வாட்சும், "நடந்துட்டோமே"ங்கற நினைப்பும்தான். பசி கேக்காததை வாட்ச் கேக்குது, நாம எடுத்துக் கொடுத்துடறோம்.

எங்கப்பா கேஸ் அச்சு அசல் இதுதான். அவங்க செட்ல ஆறு பேர். நடை முடிஞ்சதும் ஓட்டல். அதுவே காலை டிபன்னு முடிச்சுக்கிட்டா நான் வாயே திறக்க மாட்டேன். அவர் அதை டிபன் கணக்குல சேர்க்கறதே இல்ல. அது நடைக்கூலி! வீட்டுக்கு வந்து பதினோரு மணிக்கு வழக்கமான சாப்பாடு, குழம்பு, ரசம், மோர் எல்லாம் உண்டு. "அப்பா, அந்தப் பொங்கலை எதுல எழுதறீங்க?"ன்னு கேட்டா, "டேய், அஞ்சு கிலோமீட்டர் நடந்திருக்கேன்டா, பாரு"ன்னு அக்கா அமெரிக்காலேர்ந்து அனுப்பின வாட்சை நீட்டறார். அதுல தொலைவைவிடப் பெரிய எழுத்துல கலோரி.

ஆனா ஒண்ணு சொல்லணும். அந்த ஆறு பேர்ல ரெண்டு பேருக்கு வீட்டுல பேச ஆள் கிடையாது. பசங்க எல்லாம் வெளிநாடு. அவங்க பார்க்குக்கு வர்றதே அந்த அரை மணி நேர ஓட்டல் அரட்டைக்காகத்தான். அதை நிறுத்துங்கன்னு சொல்றவன் முட்டாள். ரெண்டு இட்லியும் ஒரு காப்பியுமா அரட்டை அடிக்கலாம், அதையே அன்னிக்குக் காலை டிபன்னு எழுதிக்கலாம். நான் கேக்கறது அவ்வளவுதான். அம்மா என் கட்சி, அதனால பேச்சுவார்த்தை நடந்துக்கிட்டிருக்கு :-)

*

இப்போ எதிர்க் கேஸ்

இதுவரைக்கும் படிச்சிட்டு "அப்போ எரிச்சதை எப்பவுமே சாப்பிடக் கூடாது"ன்னு கிளம்பிடாதீங்க. என் சித்தி பொண்ணு அப்படித்தான் கிளம்பினா. (அவகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன்.)

வயசு 24, எடை 55 கிலோ. குண்டே கிடையாது. கல்யாணப் பேச்சு ஆரம்பிச்சதும் வீட்டுல யாரோ ஏதோ சொல்ல, ஒரு ஆப்ல 1,200 கலோரி டயட். கூடவே ஜனவரில நடக்கற சென்னை மாரத்தான்ல பாதி தூரம் ஓடறேன்னு பயிற்சி. பெசன்ட் நகர் பீச்லேர்ந்து கிளம்பி வாரத்துல அஞ்சு நாள் எட்டு கிலோமீட்டர். "எரிச்சதைத் திரும்பச் சாப்பிட்டா ஓடினது வேஸ்ட்"னு எங்கேயோ படிச்சிட்டு, அந்த 1,200-ஐத் தாண்டவே மாட்டா.

கணக்குப் போடுங்க. 55 கிலோ ஆள் எட்டு கிலோமீட்டர் ஓடினா கூடுதல் செலவு 400 பக்கம். 1,200-ல அது போனா 800. கொழுப்பு நீங்கலா அவ உடம்பு 42 கிலோன்னு வச்சா, கிலோவுக்கு 19 கலோரி. அதுலதான் மூளை, இதயம், எலும்பு, ஹார்மோன் எல்லாம் குடும்பம் நடத்தணும். விளையாட்டு மருத்துவத்துல இந்த நம்பர் 30-க்குக் கீழ போனாலே அபாயம்னு ரொம்ப நாளா எச்சரிக்கை இருக்கு. 30-ங்கறது கறாரான எல்லைக் கோடு இல்ல, ஆளுக்கு ஆள் மாறும். ஆனா 19 எந்தக் கணக்குலயும் ரொம்பக் கம்மி. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல இதுக்கு ஒரு பேரே வச்சுது, சுருக்கமா 'ரெட்-எஸ்'. ஆற்றல் பற்றாக்குறைல உடம்பு ஒவ்வொரு துறையா மூடறது. மாதவிலக்கு தள்ளிப் போகும், நின்னும் போகும். எலும்பு அடர்த்தி குறையும். ஆம்பளைங்களுக்கும் வரும், அவங்ககிட்ட வெளிய தெரியறது லேட்.

அவளுக்கு மூணு மாசம் மாதவிலக்கு வரல. யார்கிட்டயும் சொல்லல. அப்புறம் முழங்காலுக்குக் கீழ எலும்புல மயிரிழை விரிசல். டாக்டர் ஸ்கேனைப் பார்த்துட்டு முதல்ல கேட்டது "என்னம்மா சாப்பிடறே?"தான். அந்த ஜனவரில அவ ஓடல. எட்டு வாரம் ஓட்டமே கூடாதுன்னுட்டாங்க.

பாருங்க, அதே ஆப். அப்பாவுக்குக் கேக்காமலே 170 அள்ளிக் கொடுத்துது. இவளுக்கு 1,200-ன்னு போட்டுட்டு, ஓடின நாளும் ஓடாத நாளும் ஒண்ணுன்னு வேடிக்கை பார்த்துது. லட்லோ ஆலைக் கணக்குல சொன்னா, இவ மூட்டை தூக்கற பக்கத்து ஆள். பசி நியாயமாக் கேட்டுது, இவ வாயை மூடிட்டா.

*

அப்போ நடக்கறதே வேஸ்ட்டா?

88 கலோரிக்காகவா காலைல அஞ்சரைக்கு அலாரம் வைக்கணும்னு ஒரு பின்னூட்டம் வரும்னு தெரியும். முன்கூட்டியே பதில்.

ஒண்ணு, அந்த 88-ஐத் திரும்பச் சாப்பிடாம விட்டா மாசத்துக்கு 2,600-க்கு மேல. ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700-ன்னு பொதுவாச் சொல்ற கணக்குல அது மூணுல ஒரு பங்கு கிலோ. எடை குறையக் குறைய அந்த வேகமும் குறையும். ஆனாலும் சும்மா இல்ல.

ரெண்டு, இதுதான் முக்கியம். நடைக்குக் கிடைக்கற கூலி வேற கணக்குல வரவாகுது. இதுக்கு நம்ம ஊர் டாக்டரே சாட்சி. சென்னையைச் சேர்ந்த டாக்டர் ஏ. ராமச்சந்திரனோட குழு, சுகர் வர்றதுக்கு முந்தின கட்டத்துல இருந்த 531 பேரை எடுத்துக்கிட்டு மூணு வருஷம் பார்த்து, 2006-ல வெளியிட்டாங்க. 'இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம்'னு பேரு. வழக்கமான ஆலோசனையோட விட்டவங்கள்ல 55 சதவீதம் பேருக்கு மூணு வருஷத்துல சுகர் வந்துடுச்சு. தினமும் அரை மணி நேர நடை, சாப்பாட்டுல மாற்றம்னு தொடர்ந்து விரட்டினவங்கள்ல 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் கொடுத்தவங்களுக்கும் கிட்டத்தட்ட அதே பலன்தான்.

இதுல கவனிக்க வேண்டியது, அந்த நடைக் குழுவுக்கு எடை பெருசாக் குறையவே இல்ல! எடை மிஷின் முள் அசையல, ஆனா சுகர் தள்ளிப் போச்சு. நடக்கற தசை ரத்தத்துல இருக்கற சர்க்கரையை இழுத்துக்கும், இன்சுலின் சொல்றதைக் கேக்கும். வாட்ச் காட்டற கலோரில இது எதுவுமே வராது. அப்பாவோட எட்டு ஒன்பதாகாம இருக்கறதே அந்த நடையாலதான்னு நான் நினைக்கிறேன். அப்பேர்ப்பட்ட சமாச்சாரத்தைப் பொங்கல் வாங்கற டோக்கனாப் பார்க்கறாரேங்கறதுதான் என் வருத்தம்.

*

சரி, என்னதான் செய்யறது?

கணக்கு ஆசாமிகளுக்காக நான் சொல்ற நாலு விஷயம்:

1. ஒரே ஒரு இடத்துல எழுதுங்க. ஆப்ல 'உட்கார்ந்த வேலை'ன்னு போட்டு உடற்பயிற்சியைத் தனியா எழுதுங்க, இல்லன்னா உழைப்பைக் கூட்டிப் போட்டுட்டு வாட்ச் இணைப்பைத் துண்டிச்சிடுங்க. ரெண்டும் கூடாது.

2. ஒரு மணி நேரத்துக்குள்ள நடை, யோகா, வார இறுதி ஷட்டில்: திரும்பச் சாப்பிட வேண்டியது பூஜ்யம். காப்பி குடிக்கணும்னா குடிங்க. காப்பிங்கற பேர்லயே எழுதுங்க, நடைக்கூலின்னு எழுதாதீங்க.

3. ஒரு மணி நேரத்துக்கு மேல ஓட்டம், சைக்கிள், நீச்சல், அதுவும் வாரத்துல நாலஞ்சு நாள்னா: சாப்பிடணும். வாட்ச் சொல்றதுல பாதியில ஆரம்பிங்க. ராத்திரி ஃபிரிட்ஜ் முன்னாடி நின்னுக்கிட்டு இல்ல, ஓடி முடிச்ச பிறகு ஒழுங்கான சாப்பாடா. தூக்கம் கெடுதா, சளி காய்ச்சல் அடிக்கடி வருதா, மாதவிலக்கு தள்ளுதா, உடனே பாதியை முழுசாக்கிட்டு டாக்டரைப் பாருங்க.

4. கடைசித் தீர்ப்பு எடை மிஷினோடது. காலேஜ்ல கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்கு இது புரியும். உள்ள போறதையும் வெளிய வர்றதையும் துல்லியமா அளக்க முடியலன்னா, வெளிய தெரியற விளைவை அளந்து திருத்திக்கிட்டே போகணும். தினமும் காலைல எடை பாருங்க, ஏழு நாள் சராசரி போடுங்க, நாலு வாரம் பாருங்க. குறையலன்னா சாப்பாட்டைக் கொஞ்சம் குறைங்க. ரொம்ப வேகமாக் குறைஞ்சா கூட்டுங்க. வாட்ச் எவ்வளவு பொய் சொன்னாலும் இந்த முறை தாங்கும்.

சுகருக்கு இன்சுலினோ சில வகை மாத்திரையோ எடுக்கறவங்க, கர்ப்பமா இருக்கறவங்க, தாய்ப்பால் கொடுக்கறவங்க, வளர்ற பசங்க, இவங்க யாருக்கும் இந்த நாலும் பொருந்தாது. குறிப்பா இன்சுலின்காரங்க, நடந்துட்டு சாப்பிடாம இருந்தா சுகர் சடார்னு இறங்கி மயக்கமே வரலாம். உங்க டாக்டர் சொல்றதுதான் சட்டம், இந்தப் பதிவு இல்ல.

வாட்ச் வேண்டாம்னு நான் சொல்லல. எத்தனை நாள் விடாம நடந்தோம், துடிப்பு எப்படி இருந்துதுங்கறதுக்கு அது நல்ல சாமான். கலோரி கட்டத்தை மட்டும் முகப்புலேர்ந்து தூக்கிட்டு அந்த இடத்துல நிமிஷத்தை வச்சுக்கலாம், செட்டிங்ஸ்ல ரெண்டு நிமிஷ வேலை. அப்பா வாட்ச்ல அதைச் செய்ய இன்னும் அனுமதி கிடைக்கல!

உங்க வீட்டுல இந்தக் கூத்து எப்படி நடக்குது? நடைக்கூலி வாங்கற கட்சியா, வாங்க வேண்டியதையும் விட்டுக்கொடுக்கற கட்சியா? பின்னூட்டத்துல வந்து சொல்லுங்க, கும்மி அடிக்கறதுக்கும் தடையில்ல.

டிஸ்கி: நான் டாக்டரும் இல்ல, டயட்டீஷியனும் இல்ல. கோடு எழுதிப் பிழைக்கற பொட்டி தட்டற ஆசாமி. ஒரே எண்ணை ரெண்டு இடத்துல கூட்டற பக்கைப் பார்த்தா கை சும்மா இருக்க மாட்டேங்குது, அம்புட்டுதான்.